சக்கரம் தெரியும் விடுதி

“14.06.2025, சனி. பின்னேரம் 5.20. மகன் வீடியோவில் வந்தான். ஓகஸ்ற் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு மலேசியா போகிறானாம். நான்கு நாள், விளையாட்டுப் பூங்கா ஒன்று. நாங்களும் வந்தால் சந்திக்கலாம் என்றான். தங்குமிடம் நாங்களே பார்ப்பதாகச் சொன்னேன். மழை இல்லை.”

என் குறிப்புப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதியிருக்கிறேன். மழை இல்லாதது வரை அதில் இருக்கிறது. இல்லாதது, அந்தப் பேச்சின் நடுவே விழுந்த ஒரு சிறு இடைவெளி. “உங்களுக்கும் அங்கயே ஒரு றூம் போடட்டே அப்பா?” என்று மகன் கேட்டான். நான் வாய் திறக்க முதல், “ஆனா அது பூங்காவுக்கை இருக்கிற ஹோட்டல், சரியான விலை” என்றான். இரண்டுக்கும் நடுவில் ஒருவர் மூச்சு விடும் நேரம் இருந்தது. அதற்குள் நான் ஓம் என்றிருக்கலாம். சொல்லவில்லை.

“வேண்டாம் தம்பி, நாங்கள் பாத்துக்கொள்ளுறம்.”

“கிட்டடியில மலிவா எத்தினையோ கிடக்கும் அப்பா” என்று அவன் உடனே சொன்னான். அந்த ‘உடனே’யும் குறிப்பில் இல்லை.

மகன் 2008இல் பாரிசுக்குப் போனவன். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. பிறகு அங்கேயே குடியுரிமை எடுத்தான், கல்யாணம் செய்தான், ஒரு மகளும் மகனும் பிறந்தார்கள். எங்களுக்கு இரண்டு முறை பிரெஞ்சு விசா மறுக்கப்பட்டது. இரண்டு கடிதங்களும் அலுமாரியில் ஒரே உறையில் இருக்கின்றன. அவன் இங்கே வராததற்குச் சொன்ன காரணம், “என்ர பேர் ஆமிக்காரரின்ர லிஸ்ற்றில எங்கயாவது இருக்கும் அப்பா” என்பது. முதல் பத்து வருடம் நான் அதை நம்பினேன். பிறகு, அவனோடு ஒரே மாதத்தில் போன இரண்டு பேர் கோவில் திருவிழாவுக்கு வந்து, வேட்டியோடு வடம் பிடித்து, படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வந்த திகதிகளைக் குறித்து வைத்தேன். மகனிடம் கேட்கவில்லை.

ஆக, பதினேழு வருடத்துக்குப் பிறகு என் மனைவி தன் பிள்ளையை நேரில் பார்க்கப்போகிறாள் என்பதுதான் அந்தச் சனிக்கிழமை வந்த செய்தி. மீதியெல்லாம் தங்குமிடம் பற்றியது. ஆனால் கெட்டது அந்தத் தங்குமிடத்தால்தான்.

இதைச் சொல்லும்போது எங்கள் வீட்டு அறை ஒன்றையும் சொல்லவேண்டும். எட்டு வருடத்துக்கு முன் வீட்டின் கிழக்குப் பக்கம் ஒரு அறை கட்டினோம். உள்ளேயே குளியலறை, கதிரைபோல் இருக்கும் மலசலகூடம், குளிரூட்டி. தீவுப்பகுதியில் வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீடுகளில் பாதிக்கு மேல் இப்படி ஒரு அறை இருக்கிறது. நான் ஊர்காவற்றுறைப் பக்கத்தில் இருபத்தெட்டு வருடம் கிராம அலுவலராக இருந்தவன். எத்தனையோ வீடுகளுக்குள் போயிருக்கிறேன், அந்த அறைகளையும் பார்த்திருக்கிறேன். எங்கள் அறையின் கட்டிலுக்கு விரித்த பிளாஸ்ரிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை.

மலேசியாவில் விடுதி எடுப்பது என்றதும் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எங்கட பிள்ளை நிக்கிற இடத்தில நாங்கள் ஏன் ஹோட்டலில படுக்கோணும்? சனம் கேட்டா என்ன சொல்லுறது?”

“சனத்துக்கு ஆர் சொல்லப்போறது?”

“நீங்கள்தான் எல்லாத்தையும் புத்தகத்தில எழுதுவியளே. செத்தாப் பிறகு எடுத்து வாசிக்குங்கள்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் உறவு இருக்கும் ஊரில் ஒருவர் விடுதி எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் வேலையில் இருந்தபோது வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் அண்ணன் வீட்டில் தங்காமல் யாழ்ப்பாணத்தில் அறை எடுத்தார் என்று கேள்விப்பட்டேன். எல்லைக்கல் பிணக்கு ஒன்று என் மேசைக்கு வரப்போகிறது என்று அன்றே தெரிந்தது. ஒரு கிழமையில் வந்தது. இடம் இல்லாவிட்டாலும் ‘நிண்டுட்டுப் போங்கோவன்’ என்று தங்கிப்போகச் சொல்வார்கள். நிலத்தில் ஒரு பாயை விரிப்பார்கள். சொல்லுவதுதான் முக்கியம். பாய் பிறகு.

விடுதி தேடல் 16ஆம் திகதி தொடங்கியது. சந்தியில் போட்டோப் பிரதி எடுத்து, தொலைபேசிக்குக் காசு போட்டு, விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. நடத்துபவள் காரைநகர்ப் பெண். இங்கே கல்யாணம் செய்தவள். கணினியும் இணையத்தில் பணம் கட்டும் அட்டையும் அவளிடம் இருந்தன. நான் கதிரையை இழுத்துப்போட்டு ஒற்றை றூல் கொப்பியோடு உட்கார்ந்தேன்.

“விதானையார், எத்தினை நட்சத்திரம் வேணும்?” கிராம அலுவலருக்குப் பழைய பெயர் விதானை; ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் ஊரில் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

“நட்சத்திரம் வானத்தில கிடக்கட்டும் பிள்ளை. படி எத்தினை எண்டு பாரும். அவவுக்கு முழங்கால் ஏலாது.”

ஒன்பது பின்னேரங்கள் தேடினோம். பூங்காவைச் சுற்றி இருந்தவை எல்லாம் பள்ளி விடுமுறை என்று விலையை ஏற்றி வைத்திருந்தன. மலிவானவற்றுக்கு, தங்கிப்போனவர்கள் எழுதிய கருத்துகள் கீழே இருந்தன. அவள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல நான் எழுதினேன். போர்வை ஈரம். காலைச் சாப்பாடு முட்டை மட்டும். யன்னலைத் திறந்தால் சுவர். ‘பூங்காவுக்கு மிக அருகில்’ என்று போட்ட ஒன்று பதினெட்டுக் கிலோமீற்றர் தள்ளி இருந்தது. அதோடு நான் விளம்பரத்தை நம்புவதை நிறுத்தினேன். “வரைபடத்தைப் போடும். நானே அளக்கிறன்” என்றேன்.

அடிமட்டத்தைத் திரையில் வைத்து அளந்தேன். பூங்கா ஒரு நீர்ப்பரப்பின் கிழக்குக் கரையில் இருந்தது. அகன்ற ஆறு ஒன்று கடலோடு சேரும் இடம். மேற்குக் கரையில், நேர் எதிரே ஒரு சிறு விடுதி. மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இரண்டாம் மாடி, மின்தூக்கி உண்டு. விலை மற்றவற்றில் பாதி. கருத்துகளில் ஒருவர், பல்கனியில் நின்றால் பூங்காவின் பெரிய ராட்டினச் சக்கரம் தெரியும் என்று எழுதியிருந்தார். தண்ணீரின் நடுவே வரைபடத்தில் புள்ளிக்கோடு ஒன்றும் ஓடியது.

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு இப்படித்தான் புள்ளிக்கோடு இருக்கும். எதிர்க்கரை கண்ணுக்கு முன்னால் தெரியும். மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஒரு மிதக்கும் மேடை நடுவே ஓடும். அதை நாங்கள் பாதை என்போம். ஓடும் நாட்களில் பத்து நிமிடம். அது பழுதானால்தான் யாழ்ப்பாணம் சுற்றி நாற்பது கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும். எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, எதை எடுத்தாலும் எங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் கரை போகக்கூடிய கரைதான். வேறு மாதிரி நினைக்க எங்களுக்கு யாரும் பழக்கவில்லை.

“இடையில தண்ணியெல்லே கிடக்கு, விதானையார்?” என்று கடைப் பெண் கேட்டாள்.

“தண்ணி எங்களுக்குப் புதுசே பிள்ளை?”

அவள் சிரித்தாள். “அதுவும் சரிதான். நான் அம்மாவைப் பாக்க மாசத்தில நாலு தரம் பாதையிலதான் போய் வாறனான்.” பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாத வகை இன்னும் மலிவு என்றாள். அதையே போடச் சொன்னேன்.

அன்று பின்னேரம் விடுதியின் பெயரையும் படத்தையும் மகனுக்கு அனுப்பினேன். “பாத்தன் அப்பா, கிட்டத்தான்” என்று பதில் வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தது 12.08.2025, செவ்வாய். கொழும்பு, கோலாலம்பூர், அங்கிருந்து ஐந்து மணி நேரப் பேருந்து, பிறகு ஒரு ரக்சி. விடுதி மோசமில்லை. போர்வை ஈரமில்லை. மனைவி பையைக்கூட வைக்காமல் பல்கனிக் கதவைத் திறந்தாள். தண்ணீருக்கு அந்தப்பக்கம், மரங்களுக்கு மேலே வெள்ளையாகச் சக்கரம் நின்றது.

“உதோ?”

“உதுதான்.”

“காரைநகர் மாதிரிக் கிட்டக் கிடக்கே” என்றாள். ஒரு கையால் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “நல்ல இடமாத்தான் எடுத்திருக்கிறியள்” என்றாள். நாற்பத்தொரு வருடத்தில் அவள் என்னைப் பாராட்டிய தடவைகளை எண்ண அதிக விரல் தேவையில்லை. அதில் இது ஒன்று.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பூங்கா வாசலில் சந்திப்பது என்று ஏற்பாடு. எங்கள் நுழைவுச் சீட்டும் மகனிடம் இருந்தது. நான் ஏழு பத்துக்கே கரைக்கு இறங்கிப் போனேன், முதல் படகு எத்தனை மணிக்கு என்று பார்க்க. கரையில் கல் அடுக்கியிருந்தது. நாலைந்து மீன்பிடி வள்ளங்கள் சேற்றில் சரிந்து கிடந்தன. இறங்குதுறை என்று ஒன்றும் இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு தேநீர்க் கடை. உள்ளே நின்றவர் என் நெற்றியைப் பார்த்துத் தமிழில் பேசினார். அறுபது வயதிருக்கும், அவருடைய பாட்டனார் காலத்தில் வந்த குடும்பமாம்.

“அக்கரைக்குப் போக போட் எங்கை எடுக்கிறது?” என்று கேட்டேன்.

“எந்த அக்கரைக்கு?”

கையை நீட்டிச் சக்கரத்தைக் காட்டினேன். அவர் என்னையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அங்கே போட்டு கிடையாதுங்களே ஐயா. எப்பவும் கிடையாது. கார்லதான் சுத்திப் போவணும். மேலே போய்ப் பாலம் தாண்டி, ரெண்டு மணி நேரம் ஆவும். யாரு சொன்னா உங்களுக்குப் போட்டு இருக்குன்னு?”

“வரைபடத்தில கோடு கிடக்கே.”

என் தொலைபேசியில் சேமித்திருந்த வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். “இது மாவட்ட எல்லைங்க” என்றார்.

இருபத்தெட்டு வருடம் எல்லைக் கோடுகளோடு வேலை செய்த ஆள் நான். இரண்டு பிரிவுகளுக்கு நடுவே தண்ணீர் வந்தால் புள்ளி போட்டுத்தான் எல்லையைக் காட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். நானே அப்படிக் கோடு போட்டிருக்கிறேன்.

மேலே போய் மனைவியிடம் சொன்னேன். அவள் தலை இழுத்து, நல்ல சேலை உடுத்துத் தயாராக இருந்தாள். மடியில், பனம்பழக் களியைக் காயவைத்துச் செய்த பினாட்டுப் பொதி. அவள் என்னைத் திட்டவில்லை. “அப்ப இப்ப என்னத்தில போறது?” என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விடுதிக்காரர் அழைத்த ரக்சி 9.40க்கு வந்தது. பூங்கா வாசலை அடைந்தபோது 12.15. புறப்படும் அவசரத்தில், விடுதி இணையம் இருக்கும்போதே மகனுக்குச் சொல்ல மறந்துபோனேன். அதை விட்டு வெளியே வந்ததும் என் தொலைபேசி வேலை செய்யவில்லை; வெளிநாட்டு அழைப்புக்குச் செலவு என்று அந்த வசதியை நான் போடவில்லை. அதுவும் என் கணக்கில்தான். சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வாசலுக்கு எதிரே ஒரு வாங்கு இருந்தது. அதில் இருந்தோம். மதியம் போனது. உள்ளேயிருந்து அடிக்கடி ஒரு கூட்டம் ஒன்றாகக் கத்துவது கேட்கும். ஏதோ உயரத்திலிருந்து விழுகிற விளையாட்டு. ஒவ்வொரு கத்தலுக்கும் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். காவலாளி ஒருவர் இரண்டு தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து தந்தார். அவள் குடிக்கவில்லை. அவன் வரும் நேரம் பார்த்து மலசலகூடம் தேடிப் போய்விட நேர்ந்தால் என்ன செய்வது என்றாள்.

மகன் வெளியே வந்தது 3.50க்கு. தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான். தண்ணீரில் சறுக்கும் விளையாட்டாம். எங்களைக் கண்டதும் ஓடி வந்தான். அவள் எழுந்து நின்றாள், ஆனால் நடக்கவில்லை. அவன் வந்து சேரும்வரை அப்படியே நின்றாள். பிறகு ஈரத் தலையில் கையை வைத்தாள். “நரைச்சுப்போச்சு” என்றாள். பதினேழு வருடத்துக்குப் பிறகு அவள் அவனிடம் நேரில் சொன்ன முதல் சொல் அது.

“பத்துக்கு வந்து நிண்டனான் அப்பா. கால் மணித்தியாலம் பாத்தன். பிள்ளையள் விடேல்லை. பதினொண்டுக்கும் ஒருக்கா வந்து பாத்தன். களைப்பில படுத்திட்டியள் எண்டு நினைச்சன்.”

“படகு இல்லை தம்பி. சுத்தி வரவேண்டிப் போச்சு. நீ வரைபடத்தைப் பாத்தனீதானே?”

“படத்தைத்தான் பாத்தன். இடத்தை நீங்கள் பாத்திருப்பியள் எண்டு விட்டுட்டன்” என்றான். பொய் சொல்லவில்லை. அந்த நேர்மைக்கு நான் என்ன செய்ய முடியும்?

வெளியே ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தோம். மருமகள் மரியாதையான பெண். எங்கள் காலைத் தொட்டாள். பேரன் அவள் தோளில் நித்திரை. பேத்திக்கு ஒன்பது வயது. “அப்பம்மா” என்று பாடமாக்கி வந்த சொல்லைச் சொன்னாள். அடுத்த சொல் அவளிடம் இல்லை, அப்பம்மாவிடம் பிரெஞ்சு இல்லை. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மனைவி பினாட்டைப் பிரித்தாள். மகன் ஒரு துண்டு வாயில் போட்டு, “இதின்ர ருசியே மறந்துபோச்சு அம்மா” என்றான். மீதியைச் சுற்றிப் பைக்குள் வைத்தான்.

“வாற வருசம் திருவிழாவுக்கு வாவன்” என்றாள் அவள். “உனக்கெண்டு றூம் கட்டிக் கிடக்கு. உள்ளுக்கையே பாத்றூம். கொமோட்டும் வைச்சிருக்கு.”

அவன் சிரித்தான். “கொமோட்டைப் பாக்க வரச்சொல்லுறியளோ அம்மா?”

அவளும் சிரித்தாள். நான் அவனுடைய கூட்டாளிகள் வந்துபோன திகதிகளை அப்போது சொல்லியிருக்கலாம். எல்லாம் எனக்கு மனப்பாடம். சொன்னால் மிச்ச நேரமும் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆறு மணிக்குத் திரும்ப ரக்சி ஒழுங்கு செய்திருந்தோம். 5.50இலிருந்து மனைவி மகனின் முகத்தையே பார்த்தாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவனுடைய அறை நான்கு பேருக்கு என்பது தெரியும், மேலதிக ஆளை விடுதிக்காரர் விடமாட்டார்கள் என்பதும் தெரியும். அவள் கேட்க நினைத்தது அறை அல்ல. ‘நிண்டுட்டுப் போங்கோவன்’ என்ற சொல். சொல்லியிருந்தால், “இல்லை மோனே, நாங்கள் போறம்” என்று அவளே மறுத்திருப்பாள்.

“ரக்சி நிக்குது அம்மா” என்றான் மகன்.

ஏறும்போது, “நாளைக்கு நாங்கள் உங்கட பக்கம் வாறம், கட்டாயம்” என்றான். ரக்சி புறப்பட்டது 6.05. ஆக இரண்டு மணி பதினைந்து நிமிடம்.

14ஆம் திகதி வியாழன். அவள் அறையைத் தானே கூட்டினாள். விடுதிப் பெண் ஒருத்தி வந்து தடுத்தும் கேட்கவில்லை. கட்டில் விரிப்பை இரண்டு முறை இழுத்துச் சரிசெய்தாள். நான் போய்ப் பழம் வாங்கி வந்தேன். பதினொன்றரைக்குத் தொலைபேசி.

“அம்மா, பிள்ளையள் அழுகுதுகள். ரிக்கற் ரண்டு நாளுக்கு எடுத்தது. சின்னவன் நேற்று நித்திரையாய்ப் போனதால ஒண்டும் ஏறேல்லை எண்டு நிலத்தில விழுந்து பிரளுறான். நாலு மணித்தியாலம் காரிலயே போயிடும்…”

“அப்ப நாங்கள் வரட்டே?”

“இனி வெளிக்கிட்டு வந்து என்னம்மா செய்யப்போறியள்? களைச்சுப்போடுவியள்.”

அதற்குள் பேத்தி தொலைபேசியைப் பறித்து ஏதோ வேகமாகச் சொன்னாள். மகன் மொழிபெயர்த்தான். “சக்கரத்தில ஏறப்போறாவாம். நாலு மணிக்கு ஏறுறம் அம்மா. உங்கட பக்கம் பாத்துக் கையாட்டுவம். நீங்களும் ஆட்டுங்கோ.”

அவள் முகம் அப்போது எப்படி மாறியது என்று எழுத எனக்கு மனமில்லை. குறிப்பில் “சம்மதித்தாள்” என்று மட்டும் இருக்கிறது.

மூன்றே முக்காலுக்குப் பல்கனிக்குப் போனாள். விடுதியின் துவாய்கள் வெள்ளை. வெள்ளை தெரியாது என்று நாங்கள் கொண்டுபோன சிவப்புத் துவாயை எடுத்தாள். நாலு மணிக்கு நான் “இப்ப நாலு” என்றேன். ஆட்டத் தொடங்கினாள்.

“சுத்துதப்பா” என்றாள்.

நானும் பார்த்தேன். தண்ணீருக்கு மேல் வெயில் புகைபோல் கிடந்தது. சக்கரம் வெள்ளையாக நின்றது, அல்லது மெதுவாகச் சுற்றியது. மூன்று கிலோமீற்றரில் பெட்டிகள் மல்லி விதை அளவுதான் தெரிந்தன.

“ஓம், சுத்துதுபோல” என்றேன்.

“அந்தா, மேல வாற பெட்டிக்கை நிக்கினம்.”

“உந்தத் துவாய் அவைக்குத் தெரியுமே, இஞ்சரும்?”

“தெரியாதுதான். நான் ஆட்டினனான் எண்டு அவனுக்குத் தெரியோணும், அவ்வளவுதான்.”

கை மாற்றி மாற்றி நாலு ஐம்பது வரை ஆட்டினாள். எந்தச் சுற்றில் ஏறுகிறார்கள் என்று தெரியாதே என்றாள். வலது தோள் அன்றிரவு வீங்கியிருந்தது.

பிறகு தேநீர்க் கடைக்குப் போனோம். மனைவி கடைக்காரரிடமும் சொன்னாள், மகன் சக்கரத்திலிருந்து கையாட்டினான் என்று. அவர் தலையாட்டினார். அவள் வெளியே போய்க் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, காசை வாங்கியபடி மெல்லிய குரலில் என்னிடம் கேட்டார்: “அந்தச் சக்கரம் இப்ப ஓடுதுங்களா ஐயா? ரிப்பேர்னு போன மாசம் நிப்பாட்டி வெச்சிருக்காங்கன்னு எங்க பையன் சொன்னான். சரியாத் தெரியலைங்க.”

நான் மேலே ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு பெட்டியைப் பல்கனிக் கம்பியோடு நேர்பிடித்து ஐந்து நிமிடம் நின்றால் தெரிந்துவிடும். எல்லைக்கல்லை அப்படித்தான் பார்ப்போம். நாலு மணிக்கே அதைச் செய்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை. இப்போது மழை இருள் இறங்கி எதிர்க்கரை முழுவதையும் மூடியிருந்தது. மறுநாள் காலை மகன் குடும்பம் வேறொரு விமான நிலையத்தால் புறப்பட்டுவிட்டது. நாங்கள் ஏழு மணிக்கு ரக்சியில் ஏறும்போது சக்கரம் தெளிவாகத் தெரிந்தது. அசையவில்லை. ஆனால் அந்த நேரம் பூங்காவே திறந்திருக்காது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கடைப் பெண்ணிடம் போனேன். “எப்பிடி விதானையார், அந்த ஊர்ப் பாதை?” என்று கேட்டாள். சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு கணினியைப் பார்த்துக்கொண்டு, “நானும் தண்ணியைப் பாத்துப்போட்டுச் சும்மா இருந்திட்டன்” என்றாள். விடுதி பற்றிக் கருத்து எழுதச் சொல்லி ஒரு கடிதம் வந்திருக்கிறதாம். மனைவியிடம் கேட்டேன். “சக்கரம் வடிவாத் தெரியும் எண்டு போடுங்கோ” என்றாள். இன்னும் போடவில்லை. போட்டால், அதை வாசித்து இன்னொருவர் அந்த அறையை எடுக்கக்கூடும்.

மகன் நாற்பத்திரண்டு படங்கள் அனுப்பினான். ஒவ்வொன்றையும் எடுத்த நேரத்தோடு பார்த்தேன். 14ஆம் திகதிப் படங்கள் பதினேழு. கடைசிப் படம் 2.36. தண்ணீர்ச் சறுக்கு இருக்கிறது, முயல் வேடம் போட்டவர் இருக்கிறார், பேரன் ஐஸ்கிறீமோடு இருக்கிறான். சக்கரத்திலிருந்து எடுத்த படம் இல்லை. இதனால் ஒன்றும் நிரூபணம் ஆகாது. உயரத்தில் தொலைபேசியை எடுக்கப் பயந்திருக்கலாம்.

மனைவி வருவோர் போவோருக்கெல்லாம் சொல்கிறாள்: “மகன் சக்கரத்தில நிண்டு கையாட்டினவன். கீழயிருந்து நானும் ஆட்டினனான்.” பூங்கா வாசலில் இருந்த மூன்றரை மணி நேரத்தை அவள் யாருக்கும் சொல்வதில்லை. போன கிழமை ஒருத்தி நம்பாததுபோல் பார்த்திருக்கிறாள். மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“ஏனப்பா, நீங்களும் கண்டனீங்கள்தானே?”

“ஓம், கண்டனான்” என்றேன். வேலையில் இருந்த காலம் முழுவதும், நேரில் அறியாத எதற்கும் நான் கையெழுத்து வைத்ததில்லை.

மகனிடம் ஒரு வரி கேட்டால் முடிந்துவிடும். ஒவ்வொரு ஞாயிறும் அவன் வீடியோவில் வருகிறான். கேட்கவில்லை. கிழக்கு அறையின் பிளாஸ்ரிக் உறையும் அப்படியே இருக்கிறது.

14.08.2025, வியாழன், பிற்பகல் நான்கு மணிக்கு அந்தச் சக்கரம் ஓடியதா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.